காசிக்கு எப்படிப் போவது: கூட்டத்தோடா, திட்டத்தோடா, போகிற போக்கிலா, தங்கியா?

காசிக்குப் போவது என்று முடிவான வீட்டில் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: டூருக்குப் பணம் கட்டிவிடலாமா, நாமே டிக்கெட் எடுத்துப் போகலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்கு இந்தி வராது, ஆனால் இன்னொருவர் விசில் ஊதிக் கூப்பிட்டால் எழுந்து ஓடுவதும் பிடிக்காது. கயாவில் பிண்டம் போட்டே ஆக வேண்டும் என்கிறார். மகனுக்குக் கிடைப்பது ஒரு வார லீவு. மருமகளுக்குப் படகில் உட்கார்ந்து விடியலைப் பார்க்க ஆசை. இந்த நாலு பேரையும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முடிவெடுக்காமல் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

1972-ல் எரிக் கோஹன் என்ற சமூகவியலாளர் சுற்றுலாப் பயணிகளை நான்காகப் பிரித்தார். முழுக்க ஏற்பாட்டுக்குள் இருந்தே ஊர் பார்ப்பவர், ஏற்பாட்டைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்பவர், தானே தேடிப் போகிறவர், எந்த ஏற்பாடும் இல்லாமல் அலைகிறவர். ஒரு முனையில் பழக்கமான உணவும் பழக்கமான மனிதர்களும், மறுமுனையில் முழுப் புதுமை. ஒவ்வொருவரும் நடுவில் எங்கோ நிற்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். காசிக்குப் போகும் நம்மவர்களைப் பார்த்தாலும் ஏறக்குறைய இந்தப் பிரிவுகள் தெரிகின்றன. நான் அவரை அப்படியே பின்பற்றவில்லை. நம் ஊரில் ஒரு இடத்தில் போய்த் தங்கிப் பழகும் வழக்கம் நெடுநாளாக இருப்பதால் அதைத் தனி வகையாக வைத்திருக்கிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புது ஊர் என்றால் தெரியாதவை இருக்கும். எந்த வழியில் போனாலும் அவை குறைவதில்லை, சுமக்கும் ஆள்தான் மாறுகிறார். டூரில் போனால் டூர்காரர் சுமக்கிறார், அதற்குக் காசு வாங்கிக்கொள்கிறார். திட்டம் போட்டுப் போனால் குடும்பத்தில் ஒரே ஒருவர் தலையில் எல்லாம் விழுகிறது. திட்டமில்லாமல் போனால் மணிக்கு மணி நீங்களே சுமக்க வேண்டும். தங்கிப் பழகினால் அந்தத் தெரு மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறார்கள். செலவு, அலுப்பு, சண்டை, சந்தோஷம் எல்லாமே இதை ஒட்டித்தான் வருகின்றன.

## எதை வைத்து எடை போடுவது

உடம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காசியில் 84 படித்துறைகள், பெரும்பாலும் செங்குத்தான கல்படிகள். கோயிலுக்குப் பக்கத்துக் கடைவீதிச் சந்திப்பான கோதௌலியா பக்கம் ஒரு அளவுக்கு மேல் வண்டி போகாது, கோயிலுக்கும் ஆற்றுக்கும் நடந்துதான் ஆக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் நம்மவர்களுக்குப் பழக்கமில்லாத குளிர். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். கூட வருபவர்களில் பலவீனமானவரின் உடம்பு எதைத் தாங்குமோ, அதுதான் மொத்தக் குடும்பத்தின் எல்லை.

அடுத்தது சாப்பாடு. அங்கே பல சமையல்களில் கடுகெண்ணெய் வாசம் தூக்கலாக இருக்கும். இளையவர்கள் ரசித்துச் சாப்பிடுவார்கள். எழுபது வயதுக்காரருக்கு இரண்டு நாள் வயிறு ஒத்துழைக்கவில்லை என்றால் பயணமே கெட்டுவிடும்.

அப்புறம் நான்கு கேள்விகள். ஏதாவது தவறினால் யார் ஓடுவார்? இந்த இடத்தில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கலாமே என்று தோன்றினால் இருக்க முடியுமா? எதையும் வாங்காமல், விற்காமல் ஊர்க்காரர் ஒருவரிடமாவது பேச வாய்க்குமா? விளம்பரத்தில் போடாத செலவையும் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு?

## கூட்டத்தோடு போகிறவர்

சமையல்காரரும் கூடவே வரும் யாத்திரையைத்தான் இங்கே சொல்கிறேன். அரிசி, பருப்பு, சாம்பார் பொடி, அடுப்பு எல்லாம் அவர்களோடு வரும். கயாவில் கூடக் காலையில் பொங்கல் கிடைக்கும். இதைக் குறைவாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். "காசிக்குப் போயும் இட்லியா" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொந்த மாவட்டத்தையே தாண்டாத ஒரு அம்மா, கணவர் போன பிறகு தன்னந்தனியாகக் கிளம்பிக் கங்கையில் முழுக்குப் போட்டு வருகிறார் என்றால், அந்தச் சாம்பாரும் கூட வரும் பத்துப் பெண்களின் பேச்சும்தான் அவருக்குத் துணிச்சல் தந்தவை. தெரியாத ஊரில் தெரிந்த ருசி ஒன்று கையில் இருந்தால், மற்றதையெல்லாம் நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரும்.

சடங்கு செய்பவர்களுக்கும் இது வசதி. ராமேஸ்வரத்தில் மணல் எடுத்து, பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, கங்கை நீரோடு திரும்பி ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது பழைய முறை. காசியிலிருந்து பிரயாகை சுமார் 125 கிலோமீட்டர், கயா சுமார் 250 கிலோமீட்டர். அங்கங்கே வண்டி, வாத்தியார், பிண்டத்துக்கான பொருள், தமிழில் சங்கல்பம் என்று எல்லாவற்றையும் தனியாக ஏற்பாடு செய்வது லேசான வேலை இல்லை. பழகிய யாத்திரைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவார்.

இனி, சொல்லாமல் விடுவதைப் பார்க்கலாம். கட்டிய தொகைக்குள் பெரும்பாலும் வராதவை: படகுக் கூலி, வாத்தியார் தட்சிணை, பஸ் நிற்கும் இடத்திலிருந்து கோயில் வரை ஆட்டோ, மூட்டை தூக்குகிறவர் கூலி, கடைசி நாள் சமையல்காரருக்கும் டிரைவருக்கும் கொடுக்கும் அன்பளிப்பு. தனி அறை கேட்டால் கூடுதல் பணம். பட்டுப்புடவைக் கடையில் இரண்டு மணி நேரம் நிறுத்துவார்கள். அந்த நேரமும் உங்கள் பயணத்திலிருந்துதான் போகிறது.

அதைவிடப் பெரிய விலை, நேரத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாதது. விடியலுக்கு முன்பே எழுந்து குளியலறை வரிசையில் நிற்க வேண்டும். நாற்பது பேர் கூட்டம் எப்போதும் மெதுவாக நடப்பவருக்காகக் காத்திருக்கும். அந்த மெதுவானவர் உங்கள் அம்மாவாக இருந்தால் எல்லோரும் காத்திருக்கிறார்களே என்று அவர் மனசு நோகும். அயோத்தி, நைமிசாரண்யம் என்று இடங்களைச் சேர்த்துக்கொண்டே போகும் டூர்களில் காசியில் தங்கும் இரவுகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "காசியில் எத்தனை இரவு?" அடுத்து, தங்கும் இடம் எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, ரயிலில் லோயர் பெர்த் கிடைக்குமா, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கூட யார் தங்குவார். இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத யாத்திரைக்காரரிடம் வயதானவர்களை நான் அனுப்ப மாட்டேன்.

இந்த வகையில் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ரயில்வேயின் பாரத் கௌரவ் சுற்றுலா ரயில்கள் தமிழ்நாட்டிலிருந்தும் புறப்படுகின்றன. ரயில், தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் வண்டி எல்லாம் சேர்ந்து வரும். இன்னொன்று, இந்து சமய அறநிலையத் துறை 2022-23 முதல் ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு நடத்தும் இலவச ஆன்மிகப் பயணம். 60 முதல் 70 வயது வரையுள்ள, வருமானம் குறைந்த பக்தர்களுக்கானது. விண்ணப்பித்தவர்களிலிருந்து தேர்ந்தெடுத்து அழைத்துப் போகிறார்கள். தகுதியுள்ள பெற்றோர் இருந்தால் அறிவிப்பு வரும் காலத்தில் கவனித்துக்கொண்டிருங்கள்.

## எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு போகிறவர்

இந்த வகைப் பயணி நம் குடும்பங்களில் இப்போது அதிகமாகிவிட்டார். ரயிலோ விமானமோ, அறையோ, தரிசனமோ எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. நான்கு பேர் போகிறீர்கள், ஒரு வாரம்தான் இருக்கிறது, ஆளுக்கு ஒரு ஆசை என்றால் இந்த வழியில் கிடைக்கும் பிடி வேறெதிலும் கிடைக்காது. அம்மாவுக்குச் சேரும் அறை, மருமகளுக்கு விடியற்காலைப் படகு, அப்பாவுக்குக் கயாவுக்கு ஒரு நாள் கார் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொருத்திக்கொள்ளலாம்.

ஆனால் வேலை முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. 2024 நவம்பரிலிருந்து ரயில் ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. முன்பு 120 நாள் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து காசிக்கு நேரடி ரயில்கள் வாரத்தில் சில நாட்கள்தான் உண்டு. சென்னையிலிருந்தே ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலிருந்து இல்லை, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். லோயர் பெர்த் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் உள்ள லோயர் பெர்த் ஒதுக்கீடு, ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர் மட்டும் இருந்தால்தான் பொருந்தும். குடும்பம் மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அம்மாவுக்கு மேல் பெர்த் வந்துவிடலாம். அப்பா, அம்மாவுக்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

அறை எடுக்கும்போது "கங்கை தெரியும்" என்ற வார்த்தைக்கு மயங்க வேண்டாம். ஆற்றைப் பார்த்த அறை என்றால் கார் வாசலுக்கு வராது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடக்க வேண்டும், அப்புறம் படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு முக்கியச் சாலையை ஒட்டிய சாதாரண விடுதிதான் சுகம். ஆற்றைப் பார்க்கப் படகு இருக்கிறதே.

விசுவநாதர் கோயிலுக்கு 2021 டிசம்பரில் புதிய வளாகம் திறந்த பிறகு இடம் விசாலமாகிவிட்டது, ஆற்றுப் பக்கத்திலிருந்தே உள்ளே வரலாம். சுகம் தரிசனம் எனப்படும் கட்டணத் தரிசனம், ஆரத்தி இவற்றுக்கெல்லாம் கோயில் அறக்கட்டளையின் தளத்திலேயே பதிவு செய்துகொள்ள முடியும். உள்ளே போனுக்கு அனுமதி இல்லை. இதனால் ஒரு சின்னச் சிக்கல் வரும்: திட்டம் முழுவதும் போனில் இருக்கிறது, போன் லாக்கரில் இருக்கிறது, வெளியே வந்த நாலு பேரும் நாலு வாசலில் நிற்கிறீர்கள். எங்கே சந்திப்பது என்று போனை வைக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அறையின் பெயரையும் ஒருவர் போன் எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பெரியவர்கள் சட்டைப்பையிலும் கைப்பையிலும் வையுங்கள்.

இந்த வழியின் உண்மையான விலையைக் கொடுப்பவர் திட்டம் போட்டவர்தான். இரண்டு மாதம் முன்பிருந்து அவர் தூக்கம் குறைகிறது. ஊருக்குப் போன பிறகும் மற்றவர்கள் ஆற்றைப் பார்க்க, அவர் அடுத்த வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது பிசகினால் "நீதானே ஏற்பாடு பண்ணினே" என்ற பேச்சும் அவருக்குத்தான். பிசகவும் செய்யும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டத்தால் வடக்கே ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கை ஏறினால் படித்துறைகள் மூழ்கும், படகுகளை நிறுத்திவிடுவார்கள், ஆரத்தி மேல்படிகளுக்கோ கூரைக்கோ போய்விடும். மணிக்கு மணி எழுதிய திட்டம் இதில் ஒன்றைக்கூடத் தாங்காது.

இரண்டு விஷயம் செய்தால் இந்தச் சுமை பாதியாகும். ஒரு நாளுக்கு ஒரே ஒரு வேலையை மட்டும் நேரம் குறித்து வையுங்கள், மிச்சம் காலியாக இருக்கட்டும். வேலையைப் பிரித்துக்கொடுங்கள்: வண்டி ஒருவர், சாப்பாடு ஒருவர், மருந்து ஒருவர். அப்பாவிடம் பிண்டத்துக்கான ஏற்பாட்டை முழுதாக ஒப்படைத்தால் அவர் அதை அழகாகச் செய்வார், கைப்பிடித்து அழைத்துப் போகிறார்கள் என்ற வருத்தமும் இருக்காது.

## போகிற போக்கில் பார்த்துக்கொள்கிறவர்

ஒரு பை, ஒரு டிக்கெட். இருபதுகளில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. அசியிலிருந்து ராஜ்காட் வரை படித்துறைகளை ஒட்டியே சுமார் 6 கிலோமீட்டர் நடந்துவிடலாம். வழியில் துணி துவைப்பவர்கள், மல்யுத்தம் பழகுகிறவர்கள், ஹரிச்சந்திரா கட்டம், மணிகர்ணிகா என்ற படித்துறைகளில் எரியும் சிதைகள், அவற்றுக்குப் பக்கத்திலேயே கிரிக்கெட் ஆடும் பையன்கள் என்று எல்லாம் கலந்துதான் வரும். கூட்டத்தோடு போகும் யாத்திரைகளில் இந்த நடைக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது. கச்சோரிக் கடை, சாரநாத், அங்கே தோன்றினால் இன்னொரு மணி நேரம் என்று நாள் தன் போக்கில் போகும்.

இதன் மறை செலவு பணமாகத்தான் வரும், அதுவும் சின்னச் சின்னதாக. விலை தெரியாத ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பீர்கள். "கோயிலுக்கு வழி காட்டுகிறேன்" என்று வருபவர் பட்டுக்கடையில் கொண்டுபோய் நிறுத்துவார். மணிகர்ணிகாவில் தானாக விளக்கம் சொல்ல ஆரம்பிப்பவர், ஏழைகளின் சிதைக்கு விறகு வாங்கக் காணிக்கை கொடு என்று கடைசியில் கேட்பார்; கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அங்கே படம் எடுக்கவே எடுக்காதீர்கள். யாரோ ஒருவர் தன் அப்பாவைக் கொண்டுவந்திருக்கிறார்.

சில நாட்களில் இந்த வழி வேலைக்கே ஆகாது. மகா சிவராத்திரி, ஆவணிக்கு முன்னால் அவர்கள் கொண்டாடும் சாவன் மாதத் திங்கள்கள், கார்த்திகைப் பௌர்ணமியன்று வரும் தேவ தீபாவளி, இந்த நாட்களில் அறை கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் விலை பல மடங்கு. தனியாகப் போகும் பெண்கள் முதல் இரண்டு இரவுக்காவது அறையை உறுதி செய்துகொண்டு, பகலில் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுத்துவிட்டு, மற்றதை விட்டுவிடலாம். இருட்டிய பிறகு ஆளில்லாத சந்துகளில் வழி தேடும் நிலை வராமல் பார்த்துக்கொண்டால் போதும். குழந்தைகளையோ பெரியவர்களையோ கூட்டிக்கொண்டு இப்படிப் போகவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்த அலைச்சலில் உங்களுக்குக் கிடைக்கும் சந்தோஷத்துக்கு அவர்கள் உடம்பு விலை கொடுக்கும்.

## தங்கிப் பழகுகிறவர்

தமிழர்களுக்குக் காசியில் நெடுங்காலமாகத் திறந்திருக்கும் கதவு இது. 17ஆம் நூற்றாண்டில் தாமிரபரணிக் கரை ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் காசிக்குப் போய் மடம் அமைத்தார்; கேதார கட்டத்தில் குமாரசாமி மடம் இன்றும் இருக்கிறது. நகரத்தார் சத்திரம் 1813 முதல் இருக்கிறது. விசுவநாதர் பூசைக்கான பொருள்களை "சம்போ" என்று சொல்லிக்கொண்டு எடுத்துப் போவது அவர்கள் விடாமல் காத்துவரும் வழக்கம். அனுமன் கட்டத்தைச் சுற்றிய சந்துகளில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அப்பாவை இழந்த பாரதி 1898-ல் அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். 1902 வரை இருந்தார். எட்டயபுரத்துப் பையனாகப் போனவர் இந்தியும் சமஸ்கிருதமும் கற்று, மீசையும் தலைப்பாகையுமாகத் திரும்பினார். காசியைப் பார்த்துவிட்டு மட்டும் வந்திருந்தால் அந்த மாற்றம் நடந்திருக்குமா?

நான்கு வருடம் யாராலும் முடியாது. ஆனால் ஏழெட்டு நாள் ஒரே தெருவில் இருந்து பாருங்கள். முதல் நாள் எல்லாமே புதிது, ஒரு டீ குடிப்பதற்குக்கூட யோசிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் டீக்கடைக்காரருக்கு உங்கள் சர்க்கரை அளவு தெரிந்துவிடும். படகுக்காரர் முகம் பார்த்துச் சிரிப்பார், விலை பேசும் வேலை நின்றுவிடும். மாலை ஆரத்தியைத் தசாஸ்வமேதத்தில் ஒரு நாள் கூட்டத்தோடு பார்ப்பீர்கள், இன்னொரு நாள் தூரப் படித்துறையில் இருந்து மணியோசையை மட்டும் கேட்பீர்கள். விடியற்காலையில் அசியில் நடக்கும் ஆரத்திக்குச் சும்மா எழுந்து போய்விட்டு வந்து தூங்கலாம். அம்மாவுக்குக் கால் வலித்தால் அன்றைக்கு எதுவும் கிடையாது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை. அப்பாவுக்கு இந்தி வராவிட்டாலும் கேதார கட்டம், அனுமன் கட்டம் பக்கத்தில் தமிழ் பேசும் ஒருவர் கண்ணில் படாமல் போவது அபூர்வம். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கும் அந்தப் பக்கத்தில் வழி உண்டு.

நாள் இருப்பதால் மற்றவர்கள் விட்டுவிடும் இடங்களும் கிடைக்கும். 1916-ல் தொடங்கிய பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பாரத் கலா பவன் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. நிழலும் நிம்மதியுமான ஒரு பகல் அங்கே போகும். ஆற்றுக்கு அக்கரையில் ராம்நகர் கோட்டை. குளிர்காலத்தில் பால் நுரையில் செய்யும் மலையோ என்ற இனிப்பு காலையில் மட்டும் கிடைக்கும்.

இதன் மறை செலவுகளையும் பார்த்துவிடுவோம். முதலில் லீவு, பலருக்குப் பணத்தைவிட அதுதான் அரிது. சத்திரத்தில் வாடகை குறைவு என்றாலும் நாட்கள் கூடக் கூடக் கை இளகும். பிரயாகைக்கும் கயாவுக்கும் தனித்தனியாக வண்டி பேச வேண்டும். யாருக்கு முன்னுரிமை, எத்தனை நாள் தங்கலாம், சாப்பாடு எத்தனை மணிக்கு, இரவு எத்தனை மணிக்குக் கதவு அடைப்பார்கள் என்பதெல்லாம் சத்திரத்துக்குச் சத்திரம் மாறும். போனில் பேசி உறுதி செய்யாமல் கிளம்ப வேண்டாம். பழைய கட்டடங்களில் படிகள் அதிகம். வெளியே காயப்போட்ட துணியைக் குரங்கு தூக்கிக்கொண்டு போகும்.

இன்னொன்று, மூன்றாம் நாள் மதியம் ஒரு வெறுமை வரும். பார்க்க வேண்டிய முக்கியமானவை முடிந்துவிட்டன, இனி என்ன செய்வது என்று தோன்றும். பலர் அப்போதுதான் டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றப் பார்க்கிறார்கள். அந்த ஒரு மதியத்தைத் தாண்டிவிடுங்கள். வேலை இல்லாமல் படியில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம்தான் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுப்பார்.

## போகாமலே இருப்பவர்

இவரையும் ஒரு வகையாகச் சேர்த்தாக வேண்டும். எல்லோருக்கும் தொலைவு ஒத்துவராது. காசிக்குப் போகும் வழியிலேயே பக்தர்கள் இறந்துபோகிறார்கள் என்று பராக்கிரம பாண்டியன் கனவில் சிவன் சொல்ல, 15ஆம் நூற்றாண்டில் அவன் தென்காசிக் கோயிலைக் கட்டினான் என்பது தலவரலாறு. டயாலிசிஸ் செய்துகொள்பவர், அண்மையில் ஆபரேஷன் ஆனவர், வீட்டை விட்டு இரண்டு நாள் இருந்தாலே பதற்றமாகும் பெரியவர் இவர்களையெல்லாம் "ஒரு தடவையாவது" என்று வற்புறுத்தி இழுத்துப் போவது பக்தியும் ஆகாது, பாசமும் ஆகாது. தென்காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ காரில் கூட்டிப் போங்கள்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | கூட்டத்தோடு | திட்டத்தோடு | போகிற போக்கில் | தங்கி |
|---|---|---|---|---|
| முடிவெடுப்பவர் | டூர்காரர் | குடும்பத்தில் ஒருவர் | நீங்கள், மணிக்கு மணி | முதல் சில நாள் நீங்கள், பிறகு பழக்கம் |
| பெரியவர்கள் உடம்பு | சாப்பாடு நல்லது, ஓய்வு குறைவு | நீங்கள் அமைப்பதைப் பொறுத்தது | ஒத்துவராது | ஓய்வு நிறைய, படிகளைக் கவனிக்க வேண்டும் |
| தவறினால் | நல்ல டூர்காரர் என்றால் கவலையில்லை | திட்டம் போட்டவர் ஓட வேண்டும் | தனியாகச் சமாளிக்க வேண்டும் | தெரிந்த முகங்கள் உதவும் |
| மனசு மாறினால் | முடியாது | பணம் போகும் | தாராளமாக | தாராளமாக |
| ஊரோடு பேச்சு | மிகக் குறைவு | குறைவு | நிறைய, பாதி வியாபாரம் | நிறைய |
| மறை செலவு | தட்சிணை, படகு, அன்பளிப்பு, நேரம் | இரண்டு மாத உழைப்பு, கேன்சல் கட்டணம் | தெரியாத விலைகள், திருவிழா வாடகை | லீவு, தனி வண்டிகள் |
| காசி, கயா, பிரயாகை மூன்றும் | எளிது | முடியும், வேலை அதிகம் | கடினம் | தனித்தனி நாளாக |

## யாருக்கு எது

தனியாகப் போகும் வயதான அம்மா அல்லது அப்பா, மூன்று தலங்களிலும் சடங்கு முடிக்க வேண்டும் என்றால் கூட்டத்தோடு அனுப்புங்கள். கூடவே தெரிந்தவர் ஒருவரையும் அதே யாத்திரையில் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

ஒரு வார லீவு, மூன்று தலைமுறை, ஆளுக்கு ஒரு ஆசை என்றால் திட்டத்தோடு போங்கள். ஆனால் காசியோடு இன்னும் இரண்டே ஊர். அயோத்தியையும் சேர்த்தால் பாதிப் பயணம் காரில் போய்விடும்.

படிப்பு முடித்து வேலைக்குச் சேர்வதற்கு முன் கொஞ்ச நாள் கையில் இருக்கிறதா? கூட்டமில்லாத மாதமாகப் பார்த்துப் போகிற போக்கில் கிளம்புங்கள். அக்டோபரும், சிவராத்திரி போக மீதிப் பிப்ரவரி, மார்ச்சும் உடம்புக்கும் பைக்கும் இதம்.

ஓய்வு பெற்ற தம்பதி, நடக்க முடிகிறது, அவசரம் இல்லை என்றால் தங்கிப் பழகுவதைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். தயக்கமாக இருந்தால் இரண்டையும் கலக்கலாம். ஒரு யாத்திரையோடு போய்க் கயா, பிரயாகைக் கடமைகளை முடியுங்கள். கூட்டம் திரும்பும்போது நீங்கள் மட்டும் காசியில் இறங்கி நாலு நாள் கூடுதலாக இருந்துவிட்டு வாருங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தனியாக எடுத்துக்கொள்ள யாத்திரைக்காரர் சம்மதிப்பாரா, அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வாரா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். கூட்ட டிக்கெட் எடுத்த பிறகு கேட்டால் கழிக்க மாட்டார்கள்.

முதலில் சொன்ன அந்தக் குடும்பத்துக்கும் நான் சொல்வது இந்தக் கலவையின் இன்னொரு வடிவம்தான். அப்பாவும் அம்மாவும் நான்கு நாள் முன்னதாகவே போய், தமிழ் பேசும் பகுதியில் படி குறைந்த ஒரு இடத்தில் தங்கட்டும். போய்ச் சேரும் வரை மகன் கூடப் போக முடியாவிட்டால், ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போக ஒருவரைச் சத்திரத்திலேயே ஏற்பாடு செய்யலாம். மகனும் மருமகளும் விமானத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளட்டும். கயாவுக்கு மகன் அப்பாவோடு போகட்டும். அன்றைக்கு மாமியாரும் மருமகளும் அறையில் இருந்து ஓய்வெடுக்கலாம், படகுக்கும் போகலாம். எந்தப் படகுக்காரர் நியாயமாகக் கேட்பார் என்பது அதற்குள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும்.